அடி ரப்பர்

கானாடுகாத்தானில் ஒரு போஜன ஹால்.
நடுவில் நாங்கள் தொங்கவிட்ட ஏழு பலகை.
ஒன்று இருநூற்றிருபது கிலோ.
சேசுராஜ் ஒற்றை விரலால் தள்ளிக் காட்டுவான்;
மேலே தண்டவாளம் பிடித்து
தெப்பம்போல நகரும்.

பாகம் பிரித்தபோது வக்கீல்
ஹாலைக் காகிதத்தில்தான் வெட்டினார்.
கிழக்குப் பாதி அண்ணன் சாத்தப்பனுக்கு,
மேற்குப் பாதி தேனப்பனுக்கு.
ஒரே முகூர்த்த நாளில் அங்கே காதுகுத்து,
இங்கே சிமெண்ட் டீலர்கள் கூட்டம்.
நாதஸ்வரத்துக்கு நடுவே
விற்பனை இலக்கைச் சொல்ல முடியவில்லையாம்.

"ஒரு பொட்டுச் சத்தம் வரக்கூடாது"
என்றார் தேனப்பன்.
எந்தச் சத்தம் என்று நான் கேட்கவில்லை.
பதினொரு வருஷமாய் இருவருக்கும் பேச்சில்லை என்பதை
டீ கொண்டுவந்த பையனே சொல்லிவிட்டான்.

ஆய்வுக்கூடத்தில் இந்தப் பலகை
ஐம்பது டெசிபல் தடுத்தது.
சான்றிதழ் இருக்கிறது, முத்திரையோடு.
இங்கே,
கிழக்கில் ஒலிபெருக்கி வைத்து
தகரக் கூரையில் மழைபோல ஓர் இரைச்சலை விட்டு
மேற்கில் நான் மீட்டரைப் பிடித்தால்
முப்பத்தாறு.
மீதிப் பதினாலு எங்கே போச்சு?

சத்தம் தண்ணீர் மாதிரி என்பார்கள். இல்லை.
தண்ணீர் பள்ளம் பார்த்துத்தான் போகும்,
இது ஏறவும் ஏறும்.
பர்மாத் தேக்குக் கூரைக்குள் ஏறிக் குதிக்குமென்று
போன வாரமே அங்கே பஞ்சு அடைத்தாயிற்று.

விளக்கை அணைக்கச் சொன்னேன்.
அந்தப் பக்கம் சேசுராஜ் டார்ச்சோடு குப்புறப் படுத்தான்,
இந்தப் பக்கம் நான், கன்னம் ஆத்தங்குடிக் கல்லில்.
தெரிந்தது.
மூன்றாம் பலகையின் அடியில்
ஒரு முழ நீளத்துக்கு நூல் வெளிச்சம்.
கல் அங்கே தாழ்ந்திருக்கிறது,
சாம்பார் வாளியோடு திரும்பித் திரும்பி
எத்தனையோ குதிகால்கள் தேய்த்த இடம்.
கைப்பிடி சுற்றி இறக்கிய ரப்பர்
அதைத் தொடவில்லை.

பிசின் எடுத்து வர சேசுராஜ் வேனுக்குப் போனான்.
நான் எழவில்லை. கல் குளிர்ச்சியாக இருந்தது.

அப்போது அந்தப் பக்கம் வெறுங்காலடி.
அப்புறம் குரல்.

"தேனப்பா..."
நிறுத்தம்.
"தம்பி, ஒரு நிமிஷம்..."
தொண்டையைச் செருமல்.
"கொத்துச்சாவிய அன்னிக்கு நான்தான்..."
மறுபடி முதலிலிருந்து:
"தேனப்பா."
இம்முறை கொஞ்சம் உரக்க,
வெற்று ஹாலில் எதிரே
ஆளை நிறுத்திவைத்தது போல.

மீட்டர் கையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது.
முப்பத்தொன்று. முப்பத்துநாலு.
'நான்தான்' என்ற இடத்தில் முப்பத்தேழு.
அணைத்தேன்.
எனக்கு அளக்கக் கொடுத்த சத்தமில்லை அது.

பிசின் ஊற்றிப் பள்ளத்தை நிரவினோம்.
காய மூன்று மணி ஆயிற்று.
ரப்பரை இறக்கி, மறுபடி இரைச்சல்:
நாற்பத்துநாலு.
போதும், இது வீடு, ஆய்வுக்கூடமில்லை.
ஒலிபெருக்கியை நிறுத்தினேன்.

அவர் அங்கேதான் இருந்தார் இன்னும்.
த வரவில்லை. ப வரவில்லை.
வல்லினமெல்லாம் ரப்பரில் தட்டி நின்றுவிட்டது,
மெய் அந்தப் பக்கம்.
உயிர் மட்டும் கசிந்தது:
ஏ... அ... ஆ...

தேனப்பன் வந்து பலகையில் காது வைத்தார்.
"யாரோ முனகுற மாதிரி இருக்கே?"
"தாழ்ந்த ஒலிங்க. அதையும் நிறுத்தணும்னா
பலகை இன்னும் கனமா வேணும்."
"என்ன சொல்றாருன்னு புரியலையே."
"புரியக் கூடாதுன்னுதானே போட்டோம்."

காதை எடுக்கவில்லை அவர்.
நான் வயர்களைச் சுருட்டினேன்,
ஒலிபெருக்கியின் முக்காலியை மடக்க
வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

"இத மடக்க எவ்வளவு நேரமாகும்?"
"ஏழு பலகை. நாலு நிமிஷம்."
"ம்."

கைப்பிடி சேசுராஜின் தோளில் தொங்கியது.
அதைக் கேட்கவுமில்லை,
அதிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை.

வேனில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன்:
பேச்சு கேட்கும். சொல் புரியாது.
ஏற்கத்தக்கது.