கடலுக்கு வசனம் இல்லை

திருவொற்றியூர் குப்பத்துக்கு எதிர்ச்சாரியில்
மாநகராட்சி நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு.
பத்து நாளில் நான் ஒரு நாடகம் போட்டாக வேண்டும்:
உலக நாடுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து
கடல் ஏறுவதைப் பேசித் தீர்க்கின்றன.

அட்டைகளில் நாடுகளை எழுதிக் கவிழ்த்து வைத்தேன்.
அமெரிக்காவை எடுத்த ஹரிபாபு
அன்றிலிருந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவேயில்லை.
நார்வே கிடைத்தவன் அழுதான்,
"அது ஊரா மிஸ், டானிக்கா?"
பார்கவி வீட்டில் தெலுங்கு.
பிரேசிலிலும் தெலுங்குதான் என்று
அவளே தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டாள்.

லோகிதாவுக்கு வந்தது துவாலு.
உலகப்படத்தில் விரல் வைத்து வெகுநேரம் தேடினாள்,
விரலுக்கு அடியிலேயே இருந்தது.
மூழ்கும் தீவின் படங்களை நான் விரித்தேன்.
அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.
"அங்க கல்லு கொட்டலியா மிஸ்?
எங்களுக்குக் கொட்னாங்க.
எங்க தெருவுக்கு முன்னால மூணு தெரு இருந்துச்சாம்.
கல்லு கொட்னதும் கடலு கோச்சுக்கினு
அந்தாண்ட குப்பத்துக்குப் போயிடுச்சு."

என் ஐந்து பக்கப் பிரதியில் இந்த வரி இல்லை.
சேர்த்துக்கொண்டேன்,
என் கையெழுத்தில், என் வரியைப் போல.

கடலாக நடிக்க மட்டும் யாரும் வரவில்லை.
பதிவேட்டில் லிங்கராஜ் என்று ஒரு பெயர்.
நம் ஊர்ப் பிள்ளை என்று நினைத்துக் கூப்பிட்டேன்,
எழுந்து நின்றவனுக்கு
"பிரசண்ட் மிஸ்" தவிர என் மொழியில் ஏதும் வரவில்லை.
ஒடிசாவிலிருந்து வந்து ஏழு மாதம்,
அப்பா மணலியில் குழாய் பற்றவைக்கிறார்.
நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.
கடலுக்கு வசனம் இல்லை.
நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு
மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தால் போதும்.

தார்ப்பாய் லோகிதா வீட்டுக் கூரையிலிருந்து வந்தது.
"வானம் வெளுத்திருக்கிற வரைக்கும்" என்ற நிபந்தனையோடு.

நாடக நாள். தலைமையாசிரியர், வார்டு கவுன்சிலர்,
மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்த நாலு அம்மாக்கள்.
நாடுகள் பேசின. பேசின.
நார்வே இருமி வைத்தது.
பிரேசில் தெலுங்கில் வருத்தம் தெரிவித்தது.
கடல் மூன்றாம் சுற்று வந்தபோது
யாரும் எழுதித் தராத இடத்தில் நின்றது.
துவாலுவைப் பார்த்து, மெதுவாக,
"ஆசுச்சி" என்றது.

அரங்கம் சிரிக்கவில்லை. எனக்கு வயிறு கலங்கியது.
துவாலு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள்:
"வா. வந்தா ஒக்காரு.
எல்லாரும் நிக்கவெச்சே பேசுறாங்க உன்ன."
நாற்காலியில் பாதி இடம் விட்டாள்.
கடல் உட்கார்ந்தது. தார்ப்பாய் மொடமொடத்தது.
அமெரிக்கா கண்ணாடியைக் கழற்றி எட்டிப் பார்த்தது.

அதற்குப் பிறகு என் பிரதியில் ஒன்றரைப் பக்கம் தீர்மானங்கள் இருந்தன.
யாரும் படிக்கவில்லை.

"ஆசுச்சின்னா என்னடீ?" என்றேன் பின்னால் போய்.
"வரேன்னு சொல்றான் மிஸ்."
"வரும்போது சொல்வதா, போகும்போதா?"
லோகிதா என்னைப் பார்த்த பார்வையில்
நான்தான் பதிவேட்டுக்கு வெளியே நின்றேன்.
"ரெண்டுத்துக்கும் அதான். நம்மள மாரியே.
சாப்பாட்டு மணியில அவன்தான் சொல்லிக் குடுத்தான்,
உங்களுக்குத் தெரியாதா?"

குழந்தைகள் கற்றுக்கொண்டவை என்ற கட்டத்துக்கு
நேராகப் பேனாவை வைத்தபோது
எண்ணூர்ப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
லோகிதாவின் அண்ணன் வாசலில் சைக்கிளை நிறுத்தாமலே கத்தினான்,
"மிஸ், மழ வருது,
கடலக் கழட்டிக் குடுங்க."

லிங்கராஜ் ஒரு முனை, லோகிதா ஒரு முனை,
நாலாக மடித்தார்கள்.
கேரியரில் கட்டும்போது
ஒரு மடிப்பு அவிழ்ந்து
தெருமுனை வரைக்கும் அலையடித்துக்கொண்டே போனது.