நேரலை

ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு மூன்று கேமரா.
ஒன்று மேசைக்கு நேர் மேலே,
ஃபேன் கொக்கியில் நான் கட்டியது.

பெண்கள் ஆட்டம் அதற்கு முன்னால், மூன்று மணிக்கு.
கும்பகோணம், உரக்கடை மாடி.
‘ஒண்ணு போதும், மத்ததுக்கு சார்ஜ் போடு’ என்றார்
கேபிள் முதலாளி.
‘முகத்துல வையி. நகைக்கடை விளம்பரம்.’

வைத்தேன்.
கூத்தாநல்லூர் ஜெசிமா குனிந்தாள்.
குச்சி சட்டத்துக்கு வெளியே.
டக்.
தூரத்தில் இன்னொரு டக்.
அவள் கண் மட்டும் எதையோ
தொடர்ந்து போய்
நின்றது.
அடியில் ஓடியது: செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை.

மஸ்கட்டிலிருந்து அவள் அண்ணன் போன்:
‘தங்கச்சி சிரிக்குதே, ஜெயிச்சிடுச்சா?’

எட்டாம் நம்பர் பந்து
மூன்று சுவர் தட்டி விழுந்ததாம்.
இருந்த பதினாலு பேரும் சொல்கிறார்கள்.

நான் பார்க்கவில்லை.
படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.