திருத்திய மதிப்பீடு

பங்குனி பிறந்த பிறகுதான் வந்தது பணம்.
நாலு கோடியே பதினோரு லட்சம்.
முப்பத்தொன்றாம் தேதிக்குள் கணக்குக் காட்டாவிட்டால்
வந்த வழியே சென்னைக்குத் திரும்பிவிடும்.
மூலைக்கரைப்பட்டிக்குத் தெற்கே
உடைமுள்ளும் காற்றாலையும் மட்டும் குடியிருந்த
முப்பது ஏக்கர் புறம்போக்கில்
காவலர் பயிற்சிப் பள்ளி.
நான் ஓவர்சியர்.
டேப்பின் ஒரு முனை எப்போதும் என் கையில்.

மைதானத்துக்குச் செம்மண் அடித்தோம்.
குண்டு போய்ப் புதைய
மண்மேடு எழுப்பிய அன்று
ஆட்டுக்காரர் மந்திரமூர்த்தி வந்து நின்றார்.
"இதுல ஆடு ஏறலாமாய்யா?"
ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றேன்.
அதற்கு எந்த அரசாணையும் கிடையாது.

எல்லாவற்றுக்கும் கையெழுத்து வந்தது,
பதினேழாவது இனத்தில் மட்டும்
சிவப்பு மையில் ஒரு வட்டம்.

மாதிரிக் காவல் நிலையம்.
பயிற்சிப் பிள்ளைகள் பழகுவதற்கு
வரவேற்பு மேசை, எழுத்தர் அறை, வயர்லெஸ் பெட்டி,
பத்துக்கு எட்டில் ஒரு லாக்கப்.
லாக்கப்புக்குள் ஜன்னல், குழாய், கழிவறை
என்று நான் வரைந்திருந்தேன்.
நிதித்துறையின் கேள்வி ஒரே வரி:
"எவரும் அடைக்கப்படாத அறைக்கு
இவற்றின் அவசியம் யாது?"

காண்டிராக்டர் தவசிக்கனி சிரித்தார்.
"பொம்ம வீட்டுக்குக் கக்கூஸு கேக்கீரே வே.
அடிச்சிட்டு அனுப்பும்."

இரவு பதில் எழுத உட்கார்ந்தேன்.
பார்வையில் காணும் கடிதத்தின்படி
என்பதற்கு மேல் பேனா நகரவில்லை.

பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்.
வள்ளியூரில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு
நடந்துகொண்டிருந்தேன்.
எங்கேயோ கலவரம், யாருக்கோ வெட்டு.
என் பெயரைக் கேட்டவர்கள்
ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஜீப்பில் ஏற்றினார்கள்.
ஏழு பேர். ஒரு பெயிண்ட் வாளி.
அது நிறைந்த பிறகு
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
காலையில் "போ" என்றார்கள்.
டி-ஸ்கொயரைப் பத்திரமாகத் திருப்பித் தந்தார்கள்.
இதை வீட்டில் சொன்னதில்லை,
வேலைக்குப் போட்ட விண்ணப்பத்திலும்.

எழுதினேன்:
"ஒரு மணி நேரமேனும் உள்ளே இருந்து பார்க்கும் பயிற்சியாளருக்குக்
காற்றோட்டம் தேவை.
ஆனி முதல் மேல்காற்று பலமாக வீசும் பகுதி.
வாளி வைப்பது சுகாதாரமன்று."
கடைசி வரியை அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.
டைப் செய்த பிரேமலதா நிமிர்ந்து
"எந்த வாளி சார்?" என்றாள்.
"இருக்கட்டும்மா."

ஐந்து வாரம் கழித்து வந்தது:
ஜன்னலுக்கு அனுமதி. குழாய்க்கும்.
கழிவறை அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும்.

திறப்பு விழாவுக்கு வாழை கட்டினார்கள்.
கல்வெட்டில் பதினோரு பெயர்,
அதில் ஒன்று எழுத்துப்பிழையோடு.
பெயிண்ட் வாசம் போகாத லாக்கப்பில்
பிள்ளைகள் கம்பியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.
வெயிலில் மூக்கு உரிந்த ஒரு பெண்
உள்ளே நாலு மூலையும் பார்த்துவிட்டுப்
பக்கத்தில் நின்றவனைக் கேட்டாள்:
"ஏல, ஒண்ணுக்கு வந்தா என்ன செய்வாவ?"
"நம்மளத்தான் கூப்பிடணும்."
"கூப்பிட்டா?"
அதற்குள் விசில் ஊதிவிட்டது.

கூட்டம் போன பிறகு
அளவுப் புத்தகத்தோடு நுழைந்தேன்.
ஜன்னல், தரையிலிருந்து ஆறரை அடி.
குதிகாலைத் தூக்கினேன்.
காற்றாலையின் ஓர் இறக்கை
வந்தது, போனது, வந்தது.
அன்றைக்கு அந்த இடத்தில் தென்னை ஓலை.
"வரைபடப்படி சரி" என்றெழுதி நாள் போட்டேன்.

புத்தகத்தில் ஏறாதது ஒன்று உண்டு.
வடகிழக்கு மூலையில், ஓட்டுக்கு அடியில்,
வாய் அடைத்த நாலங்குலக் குழாய்
வெளிச்சுவர் வரைக்கும் ஓடுகிறது.
காசு கேட்காமல் பதித்துத் தந்தவர் தவசிக்கனி.
ஏன் என்று அவரும் கேட்கவில்லை,
எனக்கும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.
அடுத்த நிதியாண்டுக்காரன்
ஓட்டைப் பெயர்த்தால் தெரியும்.