எட்டாவது இடம்

ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடியும் விழுந்தன.
ஒன்று சாய்ந்தால் எல்லாம் சாயும்,
அப்படி ஓர் ஒற்றுமை.
கராஜ் மூலையில் ஏழு ஜோடி ஸ்கீ,
கூடவே ஊன்றுகோல்கள், தகரக் கதவில் மோதிக்கொண்டு.
நாய் குரைத்தது.
யாருமில்லை என்று தெரிந்த பிறகும்
கௌரவத்துக்காக இன்னும் நாலு தடவை குரைத்தது.

சனிக்கிழமை
உரக்கடைக்குப் பின்னால் கிடந்த பைன் பலகையைத்
தூக்கிவந்தேன்.
முளைகளுக்கு, முறிந்த இரண்டு விளக்குமாற்றுக் கம்புகள்.
ஒரு சாண் நீளத்துக்கு ஒவ்வொன்றாய் அறுத்தேன்.
முளைக்கும் முளைக்கும் நடுவே
ஸ்கீயின் இடுப்பு நுழைய வேண்டும்,
தலை நுழையக் கூடாது.
துளையைச் சற்றே சாய்த்துப் போட்டேன்,
முளைகள் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நிற்க.
ஏழு ஜோடிக்குப் பதினான்கு போதும்.
பலகை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.
அறுக்க மனம் வரவில்லை.
பதினாறாக்கினேன்.

ஹல்வார் துளைப்பான் கொடுக்க வந்தவர்
கொடுத்துவிட்டுப் போகவில்லை.
ரோரோஸில் நவம்பரில் யாருக்கும் அவசரமில்லை.

ரசமட்டம் வைத்தேன். குமிழி நட்டநடுவில்.
தள்ளி நின்று பார்த்தால் பலகை கோணல்.
கோணல் பலகையில் இல்லை, வீட்டில்.
அறுபது குளிர்காலம் நிலம் உறைந்து இளகி உறைந்து
சுவர் மேற்கே குனிந்திருக்கிறது.
பூமிக்கு நேராக வைப்பதா,
வீட்டுக்கு நேராக வைப்பதா?
"கண்ணுக்கு நேரா வை, ரன்வைக்," என்றார்.
"குமிழியா வந்து பார்க்கப்போகுது?"

பிறகு சுவரைத் தட்டினோம்.
வெற்றிடம் டம் என்கும், உள்மரம் டொக் என்கும்.
அவருக்கு டொக் கேட்ட இடத்தில் எனக்கு டம் கேட்டது.
என் காதை நம்பி நான்தான் துளைத்தேன்.

முதல் திருகாணி இறங்கியது.
இரண்டாவதும் இறங்கியது.
பலகையில் தொங்கிப் பார்த்தேன், தாங்கியது.
ஆசை விடவில்லை, மூன்றாவது.
ஒரு நீலப் பொறி.
வீடு முழுக்க அணைந்தது.
இத்தனை வருஷம் குளிர்சாதனப்பெட்டி முனகிக்கொண்டிருந்தது
அது நின்றபோதுதான் தெரிந்தது.

மணி நாலு. வெளியே பனி மட்டும் வெளிச்சம்.
டார்ச்சில் பேட்டரி இல்லை.
மின்காரர் திங்கட்கிழமைதான் வருவார்.
"மாட்டிவிடலாம்," என்றார் ஹல்வார், இருட்டுக்குள்ளிருந்து.

விரல்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.
ஓரத்தில் இரும்பு என்றால் மலைக்குப் போவது.
தார் வாசனை என்றால் மரத்தாலானது,
பிசினாய் உள்ளங்கையில் ஒட்டும்.
நுனி சொட்டையாய் இருந்தால்
ஓடைக் கல்லில் நான் மோதிய வருஷம்.
முழங்கை நீளத்தில் மூன்று ஜோடி,
பாதி உரிந்த ஒட்டுப்படங்களோடு:
பெர்கனில் மழைக்கோட்டோடு அலையும் யூஸ்டைன்
ஒரு காலத்தில் குட்டையாக இருந்ததற்கு அத்தாட்சி.

கடைசியில் ஒன்று. கையை உயர்த்தியும் நுனி எட்டவில்லை.
"இது அவனுடையது," என்றேன்.
"அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்று
நாலு வருஷமாய்ச் சொல்கிறான்."
ஹல்வார் ஒன்றும் சொல்லவில்லை.
வாங்கி, மற்றவற்றைப் போலவே,
பதமாய் மாட்டினார்.

நாய்க்குத் தட்டு தேடி நான் உள்ளே போனபோது
கதவு திறந்த குளிர் கணுக்காலில் பட்டது.
கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை.
மரத்தில் மரம் உட்காரும் சின்னச் சத்தம்.
நான் எண்ணியதில் பிசகு என்று நினைத்தேன்.

அன்று இரவு எதுவும் விழவில்லை.

காலையில் கதவைத் தூக்கினேன்.
எட்டு ஜோடி.
கோடியில் ஒரு பச்சை ஜோடி, பிணைப்பில் துரு,
அடியில் சிமெண்டின் மேல் உருகிய பனி
காசு அளவுக்கு ஒரு குட்டை.
பக்கத்து வீட்டில் அவருக்கும் ஒரு கராஜ் இருக்கிறது.
அதில் சுவர் நேராகவே நிற்கிறது.

திங்கட்கிழமை மின்காரர் வந்தார்.
கருகிய துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்,
தலையை ஆட்டிக்கொண்டார்.
"இது யார் வேலை?" என்றார்.

துளைத்தது நான் மட்டும்தான்.
"நாங்கள்," என்றேன்.