முதல் அளவு

தங்கச்சிமடம் சமுதாயக் கூடம். கரண்ட் இல்லை.
"மூச்ச இழுத்துப் பிடி. இப்ப ஊது."
ஜெனோவா ஊதுகிறாள்.
முள் நூற்றுப் பத்தில் நிற்கிறது.
புயலன்று அவள் வயிற்றில் ஏழு மாதம்.

அன்றடித்த காற்றை
யாரும் முழுசாக அளக்கவில்லை.
அளக்கும் கருவியையே அது
கடலுக்குக் கொண்டுபோனது என்கிறார்கள்.
மிச்சக் காற்றைத்தான்
இந்தக் குழாயில் தேடுகிறேன்.

களஞ்சியத்திடம் கேட்டேன்:
"புயலுக்கு அப்புறம் எத்தனை நாள் தூக்கமில்ல?"
"எந்தப் புயலுக்கு?"
கேள்வித்தாளில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

பதினைந்து வருடம் கேட்டிருந்தேன்.
தந்தது பதினோரு மாதம்.
"ஏதாவது முடிவு தெரிந்தால் மேற்கொண்டு பார்க்கலாம்."
தெரிந்திருந்தால்
உங்கள் வாசலில் எனக்கென்ன வேலை ஐயா?

ரத்தக் குழாய்களுக்கு ஐஸ் போதவில்லை.
மீனுக்கு உடைத்ததில் ஒரு கூடை
அள்ளிப் போட்டான் நம்புக்குமார்.
காசு வேண்டாமாம்.
செலவுக் கணக்கில்
இதை எந்தத் தலைப்பில் காட்ட?

பெட்டியை மூடுகையில் ஜெனோவா வந்தாள்.
"அடுத்த வருசம் இதவிட நல்லா ஊதுவேன்.
வருவீங்கள்ல?"

நூற்றுப் பத்து.
பேனாவால் எழுதினேன்.
அடுத்த தேதியை மட்டும்
பென்சிலால்.