யானைமலைக்குச் சொன்னது

முகூர்த்தம் இல்லாத ஞாயிறு.
நரசிங்கம் கண்மாய்க் கரையில்
ஐந்தரைக்கே முக்காலியை ஊன்றிவிட்டேன்.
காற்றுக்கு ஆடாமலிருக்க
அதன் கொக்கியில் தொங்குகிறது
கல் போட்ட தாம்பூலப் பை,
'சோலைராசு – பொன்மலர்' என்று அச்சடித்தது.

மேகமில்லையா,
வானத்துக்குக் கால்பங்கு போதும்.
முன்னால் ஏதாவது கிடக்கட்டும்:
ஆகாயத்தாமரை,
அறுந்த செருப்பானாலும் சரி.

பழக்கதோஷம்.
"தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்கிறேன்
மலையிடம்.
அது நூறு கல்யாணம் பார்த்த பெரிய மனுஷிபோல
அசையாமல் படுத்திருக்கிறது.

வெயில் முதுகில் விழுந்தாயிற்று.
அவசரமில்லை,
மத்தகத்துக்கு வரட்டும்.

அதற்குள்
எங்கிருந்தோ ஓர் எருமை இறங்கி
தண்ணீரில் கிடந்த மலையை
நாலாய் உடைத்தது.

விரல் அழுத்திவிட்டது.

இருபது வருஷத்தில்
"ரெடியா?" என்று கேட்காமல் எடுத்த
முதல் படம்.