குறிப்புக் கட்டம்

காலை எட்டுக்கு ஒருமுறை,
இரவு எட்டுக்கு ஒருமுறை
அளவுகோலைப் பார்த்து எழுதுவது என் வேலை.
நாரின் ஆறு மலையை விட்டிறங்கிச்
சமவெளியில் கால்வைக்கும் இடம்.
தகரக் கொட்டகை, தொலைபேசி, பதிவேடு,
இரண்டில் ஒரு கம்பி மட்டும் எரியும் ஹீட்டர்.

ஜனவரியில் ஆறு பெருகும்.
மழை இல்லை, பனி உருகவில்லை.
மேலே நகரங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில்
ஹீட்டரைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.
அணைக்குள் விழுந்து, சுழலியைச் சுற்றிவிட்டு,
கரண்டைக் கொடுத்த கையோடு
துரத்திவிடப்பட்ட நீர்
சாம்பல் நிறத்தில் என்னைத் தாண்டிப் போகிறது
யாரும் கேட்காத பருவத்தில்.

கீழே மஸ்தூராவின் பருத்திக்காடு
அதில் முழுகி உறைந்து கிடக்கும்.
போன வருடம் கோழிக்கூண்டு மிதந்ததாம்,
கோழிகளோடு.
ஜூலையில் அதே மஸ்தூரா அழைப்பாள்:
"எத்தனை சென்டிமீட்டர்?"
சொல்வேன்.
கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.
பிறகு விலைகள்: டீசல், விதை,
பம்புக்காரன் கேட்கும் முன்பணம்.
கடைமடையில் கணக்கு எப்போதும்
கடனிலிருந்துதான் தொடங்குகிறது.

தலைமடையில் தாலைபெக்.
அணைக் கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணி,
கோபக்காரன் இல்லை.
"ஜூலையில் திறந்துவிட்டு ஜனவரியில் எதை எரிக்க?
நிலக்கரி அனுப்பச் சொல். எரிவாயு அனுப்பச் சொல்."
அவன் மகளுக்கு மூச்சிரைப்பு.
கரண்டு போனால்
மருந்தைப் புகையாக்கும் இயந்திரம் நின்றுவிடும்.
அதைச் சொல்லும்போது மட்டும்
குரலைத் தாழ்த்துவான்.

பதிவேட்டில் ஆறு கட்டங்கள்:
தேதி, நேரம், உயரம், குளிர், பாய்வு, குறிப்பு.
குறிப்பு பதினேழு வருடமாகக் காலி.

ஒரு ஜனவரி இரவு, மைனஸ் இருபத்திரண்டு.
நானும் ஏதாவது நியாயம் செய்யவேண்டும் போலிருந்தது.
ஹீட்டரை அணைத்தேன்.
டார்ச்சோடு இறங்கி
அளவுகோலின் முன் நின்றேன்.
மயிரிழை இறங்கவில்லை ஆறு.
என் மூக்கு மட்டும் இரண்டு நாள் ஒழுகியது.

இந்த ஆகஸ்டில் நிலக்கரி லாரிகள் மேலே ஏறின.
யார் யாரிடம் என்ன பேசினார்கள், தெரியாது.
எண்ணினேன், நாற்பத்தொன்று.
சாலையோர முலாம்பழக்காரனின் பழங்கள்கூடக் கறுத்துவிட்டன.
நான்காம் நாள் இரவு எட்டுக்குப்
பதினொரு சென்டிமீட்டர் கூடியிருந்தது.

முதல்முறையாக நானே மஸ்தூராவை அழைத்தேன்.
"இப்போதா?" என்றாள்.
"போன வாரம்தான் பாதிக் காட்டை
ஆட்டுக்கு விட்டேன்."
பிறகு, மண்வெட்டியைத் தேடும் சத்தம்.
"சரி, மீதிக்கு."

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
நிலக்கரி வந்தது.

மாதக் கடைசியில் மேலதிகாரி அழைத்தார்.
"அது நீரின் அளவு இல்லையே, அழித்துவிடு."
பேனாவால் எழுதிவிட்டேன் என்றேன்.